வாடகைக்கு வந்த விளக்குகளும் லைட் போர்டும்: தண்டையார்பேட்டை நாடகம் ஒன்றின் ஒளியமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

நிரந்தர ஒளியமைப்புடன் நாடகத்துக்கென்றே கட்டப்பட்ட அரங்கம் வட சென்னையில் எளிதில் கிடைப்பதில்லை. வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகை நாடகக் கம்பெனிகளுக்கு வீடாக இருந்த காலம் போய்விட்டது. இன்று தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் நாடகம் போடுகிறவர்கள் கல்யாண மண்டபத்தையோ பள்ளி மைதானத்தையோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, விளக்கு, அதை மாட்டும் ட்ரஸ் சட்டம், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், எல்லாவற்றையும் இயக்கும் லைட் போர்டு என அனைத்தையும் வெளியிலிருந்து வரவழைக்கிறார்கள். முந்தின இரவு ரிசப்ஷனில் எரிந்த விளக்குகளே மறுநாள் நாடகத்துக்கு வருகின்றன. ஆடி மாதத்தில் அவை அம்மன் கோயில் திருவிழாவுக்கும் கானா கச்சேரிக்கும் போகின்றன. இச்சூழலில் ஒரு லைட் போர்டிடம் எதை எதிர்பார்க்க வேண்டும், அதை எவ்வாறு ப்ரோகிராம் செய்ய வேண்டும் என்பதை, தண்டையார்பேட்டை மண்டபம் ஒன்றில் உள்ளூர் இளைஞர் குழு அரங்கேற்றிய இரண்டு மணி நேரச் சமூக நாடகத்தைக் கொண்டு இந்த ஆய்வு பார்க்கிறது. ஒளியைத் திட்டமிட்டவன் நான். போர்டை இயக்கியவர், பகலில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒரு குழு உறுப்பினர்.

திட்டம்

நாடகத்தின் களங்கள் மூன்று: காசிமேட்டுக் கரை, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு வீடு, காவல் நிலையம். காட்சிகள் இவற்றுக்குள் மாறி மாறி நகர்கின்றன. மண்டப மேடையில் திரையைத் தவிர வேறு வசதி இல்லாததால் களமாற்றம் முழுவதையும் ஒளியே செய்யவேண்டியிருந்தது. அதற்காக 24 எல்இடி பார் விளக்குகள், தலை திரும்பிப் பரந்த ஒளி வீசும் 6 மூவிங் ஹெட் வாஷ் விளக்குகள், நடிகர்களின் முகத்துக்கென 1000 வாட் ஹாலோஜன் விளக்குகள் எட்டு என்று கேட்டிருந்தோம். ஹாலோஜன் எட்டும் முழுதாக எரிந்தால் 8 கிலோவாட், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 35 ஆம்பியர். ஆகவே மண்டப மின்னிணைப்பின் மூன்று பேஸ்களுக்கும் அதைப் பிரித்துக் கொடுத்தோம்.

விளக்கின் ஒளி அளவு, நிறம், திசை என ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்தும் தனி வழிக்குச் சானல் என்று பெயர். அந்தக் கணக்கை இங்கே சொல்லிவிடவேண்டும். பின்னால் நடந்தது அதைப் பொறுத்தது. போர்டின் கட்டளைகளை விளக்குகளுக்குக் கொண்டுசெல்ல 1986இல் அமெரிக்காவின் யுஎஸ்ஐடிடி என்ற அரங்கத் தொழில்நுட்ப அமைப்பு வகுத்த டிஎம்எக்ஸ்512 முறையில் ஒரு லைனில், அதாவது ஒரு யூனிவர்ஸில், 512 சானல்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைச் சுமக்கும். ஒரு விளக்கு எத்தனை சானல் எடுக்கும் என்பது அதன் மோடைப் பொறுத்தது. எட்டு சானல் மோடில் 24 பார் விளக்குகளுக்கு 192 சானல்கள், பதினாறு சானல் மோடில் ஆறு ஹெட்களுக்கு 96, டிம்மர்களுக்கு 8. ஆக மொத்தம் 296 சானல்களே என்பதால் ஒரு யூனிவர்ஸே போதும். ஆனாலும் முகவரிகளை, அதாவது ஒவ்வொரு விளக்கின் தொடக்கச் சானல் எண்களை, நெருக்கி அடுக்கவில்லை. பார் விளக்குகள் 1 முதல் 192 வரை, ஹெட்கள் 201இல் தொடக்கம், டிம்மர்கள் 401 முதல் 408 வரை என்று இடையில் தாராளமாக வெற்றிடம் விட்டோம். எந்த ஹெட் வந்து சேரும் என்பது கடைசி நேரம் வரை உறுதியில்லாத ஊரில் இந்த வெற்றிடம் ஆடம்பரம் அல்ல.

எந்தப் போர்டு

வாடகைக்கு மூன்று வகைப் போர்டுகள் கிடைத்தன. முதலாவது, டிஜேக்களிடம் பரவலாகக் காணப்படும் 192 சானல் சிறு போர்டு. அதில் 12 ஃபிக்ஸ்சர்கள், அதாவது விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் 16 சானல்கள்; 30 பேங்குகளில் பேங்குக்கு எட்டு வீதம் 240 சீன்கள், அதாவது பதிந்த ஒளி நிலைகள்; சீன்களை வரிசையாக ஓட்டும் 6 சேஸ்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் 240 சீன்கள் ஒரு நாடகத்துக்கு ஏராளம் என்றே தோன்றும். ஆனால் எங்கள் பார் விளக்குகளே அதன் 192 சானல்களையும் விழுங்கிவிடும். முதல் ஃபிக்ஸ்சர் 1இல், இரண்டாவது 17இல், மூன்றாவது 33இல் என்று முகவரிகள் கட்டிப்போடப்பட்டவை; அவற்றை மாற்ற வழியில்லை. இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. சீனுக்கென்று தனி ஃபேட் நேரம், அதாவது ஒளி மெல்ல மாறும் நேரம், அதில் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஒளி வெட்டென்று மாறும். நடன மேடைக்கு அது பொருந்தலாம். ஒரு தாய் கதவைச் சாத்திவிட்டு மெல்ல உட்காரும் காட்சிக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பேர்ல் வகைப் போர்டு. நான்கு டிஎம்எக்ஸ் வெளியீடுகளும் 2048 சானல்களும் கொண்ட இதைச் சென்னை வாடகைக்காரர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டே இயக்குவார்கள். ஃபிக்ஸ்சரின் சானல் விவரம் கொண்ட ஆர்20 கோப்பை ஏற்றிவிட்டால் ஹெட்களைக் கையாள்வது சுலபம். ஓர் இடத்தையோ நிறத்தையோ பெயரிட்டுச் சேமித்துப் பல இடங்களில் சுட்டும் பேலட் வசதியும் உண்டு. கச்சேரிக்கு இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் பழக்கம் முழுவதும் ஃபேடர் என்ற நகர்த்துபிடியைத் தூக்குவது, ஃப்ளாஷ் பொத்தானைத் தட்டுவது என்பதைச் சுற்றியே வளர்ந்தது. வரிசையாக எழுபது கியூக்களை, அதாவது பதிந்து வைத்த ஒளி மாற்றங்களை, ஒரே ‘கோ’ பொத்தானால் நகர்த்தும் நாடகத்துக்கு, அதை இயக்குபவர் தம் கைப்பழக்கத்தோடு ஓயாமல் போராட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, மடிக்கணினியில் ஓடும் மென்பொருள். கியூஎல்சி ப்ளஸ் திறந்த மூல மென்பொருள். மேஜிக்கியூவின் கணினிப் பதிப்பும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாங்கள் மேஜிக்கியூவைத் தேர்ந்து, கணினி நெட்வொர்க்கில் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் ஆர்ட்-நெட் வழியாக நோடு என்ற மாற்றுப்பெட்டிக்கு அனுப்பி அங்கிருந்து டிஎம்எக்ஸ் எடுத்தோம். சொகுசான ஃபேடர்கள் இல்லாவிட்டாலும் இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மண்டபம் கையில் கிடைப்பது அரங்கேற்ற நாளின் பிற்பகலில்தான் என்பதால், கியூக்களின் எலும்புக்கூட்டை வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிட வேண்டும். அதற்கு விளக்கே இல்லாமல் ப்ரோகிராம் செய்ய முடிகிற போர்டு வேண்டும்.

பேலட்டில் எழுதுவது

ப்ரோகிராமிங்கில் நாங்கள் கடைப்பிடித்த விதி ஒன்றே: எந்தக் கியூவிலும் நேரடி எண்ணைப் பதியக்கூடாது. ‘வாசற்படி’, ‘கட்டில்’, ‘இன்ஸ்பெக்டர் மேசை’ என்று ஒன்பது இடப் பேலட்டுகள். ‘விடியல் செம்மை’, ‘ட்யூப்லைட் வெள்ளை’, ‘கடல் நீலம்’ என்று சில நிறப் பேலட்டுகள். கியூ எதுவாயினும் இவற்றையே சுட்டவேண்டும். வாசற்படிப் பலகை மேடையில் அரை அடி நகர்ந்துவிட்டால் ‘வாசற்படி’ பேலட்டை ஒரு முறை திருத்தினால் போதும். அதைச் சுட்டும் கியூக்கள் எல்லாம் தாமே திருந்திவிடும். எண்களாகப் பதிந்திருந்தால் அத்தனை கியூக்களையும் ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும், அதில் ஒன்றாவது விட்டுப்போகும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு காட்சியின் முதல் கியூவிலும் எல்லா விளக்குகளின் முழு நிலையையும் பதிந்தோம். விளக்கின் ஒளி அளவு எச்டிபி முறையில், அதாவது அதிக மதிப்பு வெல்லும் முறையில் இயங்கலாம். நிறமும் திசையும் எல்டிபி, கடைசியாக வந்த கட்டளை நிற்கும். மாறியதை மட்டும் பதிந்துகொண்டே போகும் ட்ராக்கிங் முறை திருத்துவதற்கு இனிது, ஈயோஸ், கிராண்ட்எம்ஏ போன்ற பெரிய போர்டுகளின் இயல்பும் அதுதான். ஆனால் ஒத்திகையில் இயக்குநர், “நாலாவது காட்சியிலிருந்து எடுங்கப்பா” என்று சொல்லும்போது போர்டு முன்கதையைக் கணக்கிட்டு நிலையைச் சரியாகக் கட்டவேண்டும். கட்டாத போர்டில் காவல் நிலையத்தின் நீலம் குடியிருப்பு வீட்டுக்குள் ஒட்டிக்கொண்டு வரும். முழு நிலைக் கியூ அதைக் காட்சி எல்லையிலேயே தடுத்துவிடுகிறது. ட்ராக்கிங் ஓடுகிறதா இல்லையா என்பதை மெனுவுக்குள் புதைத்து வைக்காமல் திரையின் மேலேயே பெரிதாகக் காட்டும் போர்டே நல்ல போர்டு.

காசிமேட்டு விடியல்

நாடகத்தின் முதல் காட்சியில் மூன்று நிமிடங்களுக்கு மெல்ல விடிகிறது. இருட்டிலிருந்து 20 விழுக்காடு ஒளிவரை ஏறவேண்டும். பார் விளக்கின் எட்டு சானல் மோடில் டிம்மருக்கு ஒரே சானல்தான்; 255இல் 20 விழுக்காடு என்பது 51 படிகள். 180 வினாடிகளை 51 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு மூன்றரை வினாடி வருகிறது. டிஎம்எக்ஸ் வினாடிக்கு 44 முறை வரை புதுப்பிக்கப்பட்டாலும் படிகள் கூடப்போவதில்லை. ஹாலோஜன் என்றால் இழையின் சூடு அந்தப் படிகளை மழுக்கிவிடும். எல்இடியில் அப்படி மழுக்க எதுவும் இல்லை. ஒத்திகையில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது விடியல் மாடிப்படி ஏறுவதுபோலத் திக்கித் திக்கி ஏறியது. குறிப்பாக அடிமட்டத்தில், 1க்கும் 2க்கும் இடையே ஒளி இரு மடங்காகும் இடத்தில், பின் வரிசையில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்தது.

தீர்வாக விடியலின் தொடக்கத்தை ஹாலோஜனிடம் கொடுத்தோம். குறைந்த அளவில் அதன் ஒளி தானாகவே செம்மஞ்சளாக இருப்பது காட்சிக்கும் பொருந்தியது. பார் விளக்குகளை 70 வினாடி தாமதத்துக்குப் பிறகு, மேடையில் ஏற்கெனவே வெளிச்சம் படிந்து படிகள் மறையும் நிலையில், உள்ளே கொண்டுவந்தோம். பார் விளக்கின் மெனுவில் டிம்மர் வளைவு என்றொரு அமைப்பு இருந்தது. அதை மெதுவான நிலைக்கு மாற்றியதும் மீதித் திக்கலும் குறைந்தது. இதற்குப் போர்டிடம் தேவைப்பட்டது ஒன்றே: ஒரே கியூவுக்குள் விளக்குக்கு விளக்கு தனித் தாமதமும் தனி ஃபேட் நேரமும் கொடுக்கும் வசதி. கியூ முழுவதற்கும் ஒரே நேரம் என்ற போர்டில் இதை மூன்று கியூக்களாக உடைத்துத் தொடர்ச்சி கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு இயக்குநர் விடியலைப் பத்து வினாடி சுருக்கச் சொன்னால் மூன்றையும் திருத்தவேண்டும். விற்பனைக் காகிதங்களில் யூனிவர்ஸ் எண்ணிக்கை முன்பக்கம் வருகிறது; இந்த வசதி எங்கோ கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது.

அரங்கேற்ற நாள்

லோடு ஆட்டோவிலிருந்து இறங்கியவை வாஷ் ஹெட்கள் அல்ல, பீம் ஹெட்கள். வாடகைக்காரரின் ஆள், “அண்ணே, வாஷ் எல்லாம் வேற ஃபங்ஷனுக்குப் போயிருச்சு, பீமுதான் இருக்கு, இது இன்னும் பவராதான் அடிக்கும்” என்றார். பவர் உண்மைதான். ஆனால் சில டிகிரி அகலமே உள்ள கூர்மையான கற்றை அது. வாஷ் ஹெட் மேடையில் பரப்பும் மென்மையான ஒளியை அது தராது. மேலும் அவை 20 சானல் மோடில் வைக்கப்பட்டிருந்தன. முகவரிகளை நெருக்கி அடுக்கியிருந்தால், 193இல் தொடங்கும் ஆறு ஹெட்கள் 312 வரை நீண்டு, 289இல் உட்கார்ந்திருக்கும் டிம்மர்கள் மீது ஏறியிருக்கும். ஹெட் திரும்பும்போதெல்லாம் முக விளக்கு மினுக்கியிருக்கும். எங்கள் பேட்ச்சில், அதாவது முகவரிப் பட்டியலில், 201 முதல் 320 வரை வழி திறந்தே இருந்தது.

மென்பொருளில் ஹெட்டின் வகையை மாற்றும் வசதி இங்கேதான் கைகொடுத்தது. மேஜிக்கியூவில் இதற்கு ‘மார்ஃப் ஹெட்’ என்றும், அவோலைட்ஸின் டைட்டனில் ‘எக்ஸ்சேஞ்ச் ஃபிக்ஸ்சர்’ என்றும் பெயர். கியூக்களை அப்படியே வைத்துக்கொண்டு அடியிலுள்ள விளக்கின் இனத்தை மட்டும் அது மாற்றுகிறது. ஆனால் எல்லாம் தானாகவே நடந்துவிடும் என்று நம்பக்கூடாது. பான், டில்ட் எனும் பக்கவாட்டு, மேல்கீழ்க் கோணங்கள் புதிய ஹெட்டுக்குக் கொண்டுவரப்பட்டாலும் ஹெட் ட்ரஸ்ஸில் எந்தப் பக்கம் பார்த்து மாட்டப்பட்டது என்பது வேறு. ஒன்பது இடப் பேலட்டுகளையும் ஒவ்வொரு ஹெட்டுக்கும் மீண்டும் குறிபார்க்க வேண்டியிருந்தது. நிறம் அறவே கைவிட்டது. வாஷ் ஹெட் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகியவற்றைக் கலந்து நிறம் செய்கிறது. பீம் ஹெட்டிலோ சக்கரத்தில் பதித்த கண்ணாடிகள்தாம். ‘விடியல் செம்மை’க்கு அருகில் எது வரும் என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துத்தான் தேர்ந்தோம். இத்தனை வேலையும் பேலட்டுகளுக்குள்ளேயே முடிந்தது. எழுபது கியூக்களில் ஒன்றையும் எண்ணுக்காகத் திறக்கவில்லை. சிறு போர்டில் சீன்களாகப் பதிந்திருந்தால் அன்று மாலை நாடகம் ட்யூப்லைட்டில்தான் நடந்திருக்கும்.

குறிபார்க்கும்போது ஓர் ஹெட் மட்டும் முரண்டு பிடித்தது. இன்ஸ்பெக்டர் மேசையின் மேல் கற்றையை நிறுத்தப் பார்த்தால், ஒரு முறை மேசைக்கு இந்தப்பக்கம், மறுமுறை அந்தப்பக்கம் என்று தாவியதே தவிர நடுவில் நிற்கவில்லை. ஏணி போட்டு ஏறி மெனுவைப் பார்த்தபோது, அதன் திசை நகர்வு எட்டு பிட்டில், அதாவது ஒரே சானலில், வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 540 டிகிரிச் சுழற்சியை 255 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 2.1 டிகிரி, பத்து மீட்டர் தொலைவில் அது 37 சென்டிமீட்டர். அகன்ற ஒளியில் யாரும் கவனிக்கமாட்டார்கள். கூர்மையான கற்றையில் நடிகரின் முகத்துக்குப் பதில் தோள் ஒளிரும். இரண்டு சானல் சேர்ந்து நுண்ணிய படிகள் தரும் பதினாறு பிட்டுக்கு மாற்றியதும் கற்றை சொன்ன இடத்தில் நின்றது. விளக்கு போர்டுக்குத் திருப்பிப் பதில் சொல்லும் ஆர்டிஎம் வசதி எல்லா ஹெட்களிலும், லைனைக் கிளைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலும் இருந்திருந்தால் ஏணியே வேண்டியதில்லை. போர்டிலிருந்தே மோடையும் முகவரியையும் பார்த்திருக்கலாம். 2006இலேயே தரமாக்கப்பட்ட இவ்வசதி, மலிவு விலை ஹெட்களில் பலவற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

லைனைப் பற்றியும் சொல்லவேண்டும். 24 பார், 6 ஹெட், 2 டிம்மர் பேக் என்று சேர்த்தால் 32. ஒரு டிஎம்எக்ஸ் லைனில் கோக்கக்கூடிய வழக்கமான எல்லையே அதுதான். கடற்காற்றில் கனெக்டர்கள் களிம்பு பிடிக்கும் பகுதியில் எல்லையைத் தொடுவது வம்பு. ஸ்ப்ளிட்டர் வைத்து மூன்று கிளைகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் போட்டோம். மைக் கேபிளையே டிஎம்எக்ஸ் கேபிளாகத் தருவது இங்கே வழக்கம். கொண்டுவந்ததில் பாதி அதுதான். குட்டையானவற்றை மட்டும் விளக்குக்கு விளக்கு இடைவெளியில் பயன்படுத்தினோம்.

பீம்களை என்ன செய்வது என்ற கலைசார்ந்த கேள்விக்கு இயக்குநரே விடை சொன்னார். வீட்டுக் காட்சிகளில் ஹெட்களை அறவே விலக்கி, அந்த வேலையை ஹாலோஜனுக்கும் பார் விளக்குகளுக்கும் கொடுத்தார். காவல் நிலையத்து ஜன்னல் கற்றைக்கும் கரையில் கலங்கரை விளக்கத்துக்கும் மட்டும் பீம்களை வைத்துக்கொண்டார். முதல் திட்டத்தைவிடக் காவல் நிலையம் கடுமையாகத் தெரிந்தது என்பதே என் கருத்து. பீம் ஹெட்டுக்குள் இருக்கும் டிஸ்சார்ஜ் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால், ஷட்டர் மூடியிருக்கும்போதே ஹெட் அடுத்த இடத்துக்குத் திரும்பிவிடும் வசதி இன்றியமையாதது; ஈயோஸில் ‘மார்க்’ என்றும் கிராண்ட்எம்ஏவில் ‘எம்ஐபி’ என்றும் சொல்வது இதைத்தான். அது இல்லையென்றால் ஷட்டர் திறந்தபின் கற்றை பார்வையாளர்கள் தலைக்கு மேல் கோடு போட்டுக்கொண்டு போகும்.

மின்வெட்டு

இரண்டாம் பாதியில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடியது. நோடுக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் சிறு யுபிஎஸ் கொடுத்திருந்தோம். ஆகவே டிஎம்எக்ஸ் நிற்கவில்லை; மின்சாரம் திரும்பிய கணமே ஹாலோஜனும் பார்களும் இருந்த கியூவிலேயே எரிந்தன. ஹெட்கள் மட்டும் ரீசெட் ஆகித் தலையைச் சுழற்றின. அவற்றின் டிஸ்சார்ஜ் விளக்குகள் ஆறிய பிறகே மீண்டும் பற்றும் என்பதால் ஒரு காட்சி முழுவதும் பீம் இல்லாமல் போனது. இதை எதிர்பார்த்து ‘பொது ஒளி’ என்று ஒரு சப்மாஸ்டரை, அதாவது கியூ வரிசையில் சேராத ஒரு ஃபேடரை, ஹாலோஜனுக்கு மட்டும் தனியாக வைத்திருந்தோம். இயக்கியவர் அதை மெல்ல ஏற்றி ஜன்னல் கற்றையின் குறையை மறைத்தார். கியூ வரிசை தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்க, அதைக் கலைக்காமல் மேலே ஒரு கை வைக்க இடம் தருகிற போர்டு இதனால்தான் வேண்டும்.

விரும்பும் வசதிகள்

ஒளி அசைவுகளைத் தானே உருவாக்கும் எஃபெக்ட் எஞ்சின், தொடுதிரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை இந்த நாடகம் தொடவே இல்லை. தொட்டவை வேறு. மேடையில் ஒரு கியூ நின்றுகொண்டிருக்கும்போதே வேறொரு கியூவைப் பார்வையாளர் அறியாமல் திருத்தும் ‘ப்ளைண்ட்’ வசதி ஒத்திகையில் ஓயாமல் பயன்பட்டது. அடுத்த கியூ எது, எந்த வசனத்தில் வருகிறது என்று திரையில் பெரிதாகத் தெரிவது அதற்கடுத்த தேவை. கியூ குறிப்பில் தமிழ் எழுத்தை அந்த மடிக்கணினித் திரை ஒழுங்காகக் காட்டாததால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தோம். ‘Amma kadhavai saathum podhu’ போன்ற வரிகளை இருட்டில் படிப்பது எளிதல்ல. எனவே தமிழில் எழுதிய கியூ ஷீட் ஒன்று காகிதத்திலும் போர்டின் அருகில் இருந்தது. உண்மையில் இயக்கியவர் அதையே பார்த்தார். தமிழ் எழுத்து ஒரு போர்டில் சரியாக வருவது எங்களைப் போன்ற குழுக்களுக்கு நான்கு கூடுதல் யூனிவர்ஸ்களைவிடப் பயனுள்ளது.

அடுத்த அரங்கேற்றம் திருவொற்றியூரில் திறந்தவெளி மேடையில் நடக்கவிருக்கிறது. வாடகைக்காரருக்குக் குழு எழுதிக்கொடுத்துள்ள தாளில் இப்போது இரண்டு வரிகள் கூடியுள்ளன: அனுப்பப்போகும் ஹெட்டின் சானல் அட்டவணை முன்கூட்டியே கைபேசிக்கு வரவேண்டும், ஹெட் மாறினால் அதே வகையில், அதாவது வாஷுக்கு வாஷாகவே மாறவேண்டும். முதல் வரியை அவர் ஒப்புக்கொண்டார். இரண்டாவதைப் பற்றி, “சீசன் நேரத்துல அது கஷ்டம்ணே” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆகவே திருவொற்றியூர் நாடகத்தின் கோப்பில் வாஷுக்கு ஒன்றும் பீமுக்கு ஒன்றுமாக இரண்டு நிறப் பேலட் தொகுதிகளை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.